மணல் என்று மட்டும் எழுதியிருந்தது

இந்த நாற்காலியை வாங்கியவர் ஒரு தடவைகூட இதில் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார். சாய்மானம் இரண்டு அங்குலம் பின்னால் போய்விட்டது. குறை சொல்லவில்லை. முப்பத்தொரு வருடம் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் குப்பை கொட்டியவள் நான். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதை வாங்கியவர் எப்படிப்பட்டவர் என்றுதான் முதலில் தோன்றும். நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவசரமாகப் போக வேண்டிய இடம் என்று இப்போது ஒன்றும் இல்லை.

என் கணவர் போன மாதம் இறந்தார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், கல் உடைக்கிறவர்களுக்கு வருகிற நோயில் எப்படி இறந்தார் என்பது உங்கள் கேள்வி. அதற்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது, அதைக் கேட்கத் தயங்குகிறீர்கள். இவளுக்கு முன்பே தெரியுமா என்பது. இரண்டுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அந்தப் பச்சை ஃபைலை என் மகள் உங்களிடம் கொடுத்ததும் நல்லதுதான். நான் வாயால் சொல்வதைவிட அது ஒழுங்காக இருக்கும்.

ஒரு வீட்டில் எதற்கு ஃபைல் என்று நினைப்பீர்கள். கல்யாணமான புதிதில் ஒரு மின்விசிறி வாங்கினேன். அவர் கேட்டது மேஜை விசிறி, நான் வாங்கியதும் மேஜை விசிறி. வீட்டுக்கு வந்ததும், "நான் நிக்கிற ஃபேன்தானே சொன்னேன்?" என்றார். அவருடைய அக்காவும் தம்பியும் இருந்தார்கள். "ஆபீஸ்ல பொருள் வாங்குற லட்சணம் இதானா அண்ணி?" என்று தம்பி சிரித்தார். மறுநாள் ஒரு வெள்ளைத் தாளை அவர் முன்னால் வைத்தேன். எங்கள் தொழிற்சாலையில் எந்தப் பிரிவுக்கு எது வேண்டுமானாலும் முதலில் இண்டென்ட் எழுத வேண்டும். என்ன பொருள், எத்தனை, எதற்கு என்று எழுதி, கேட்கிறவர் கீழே கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் ஒரு குண்டூசி வாங்க மாட்டோம். வீட்டிலும் இனி அப்படித்தான் என்றேன்.

விளையாட்டு என்று நினைத்து எழுதிக் கொடுத்தார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க வீட்ல ஒரு பனியன் வேணும்னாலும் பொண்டாட்டிக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்" என்று சொல்லிச் சிரிப்பார். என்னை 'பர்ச்சேஸ்' என்றே கூப்பிடுவார். "ஏ பர்ச்சேஸ், டீ என்னாச்சு?" என்று. மகள் எட்டு வயதில் பென்சில் டப்பா கேட்டு எழுதிய இண்டென்ட்கூட அந்த ஃபைலின் அடியில் இருக்கும்.

அவரைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. கை ஓங்கியதில்லை, குடித்ததில்லை. பேசுவார், அவ்வளவுதான். ரயிலில் கண்டவரையெல்லாம் நிறுத்திக் கேள்வி கேட்டவர், வீட்டில் எதையும் கேட்டதில்லை, சொல்வார். கதவை எப்படிச் சாத்த வேண்டும், தண்ணீரை எப்படிக் குடிக்க வேண்டும், நான் பார்த்துப் பழகிய என் அலுவலகத்தில் என்ன நடக்கிறது, எல்லாம் அவர்தான் சொல்வார். நான் ஒன்று சொன்னால், "உனக்கென்ன தெரியும்" என்று முடித்துவிடுவார். அதைக் கோபமாகச் சொல்ல மாட்டார். பாசமாகத்தான் சொல்வார்.

ஓய்வு பெற்றதும் பழைய மோட்டார் சைக்கிள் இரண்டை உதிரி உதிரியாக வாங்கி வந்தார். ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துக் கடைசியில் மனுஷனைக் கடித்த கதையாக, முதலில் வாசலை நிறைத்தார், பிறகு கூடத்தை, அப்புறம் சமையல் மேடையை. டீ வடிகட்டியில் கார்புரேட்டர் திருகுகள் ஊறின. வீட்டின் பின்பக்கம் ஒரு அறை உண்டு. அது நான் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டியது. ஓய்வு பெற்ற பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, யார் குரலும் கேட்காமல் சும்மா இருக்க வேண்டும், அதற்காக. நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்த அறையின் பாதியில் இரண்டு சக்கரமும் ஒரு பெட்ரோல் டேங்கும் வந்து உட்கார்ந்தன. எடுக்கச் சொன்னேன். மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். "இவளுக்கு எதுக்குத் தனி ரூம்? தனியா உக்காந்து யாருக்குக் கொட்டேஷன் போடப் போறா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்தால் நல்லது, வந்து போய்விடும். எனக்கு வந்தது களைப்பு. எவ்வளவு தூங்கினாலும் போகாத களைப்பு. அதை எந்த மருத்துவரிடம் சொல்வது, என்னவென்று சொல்வது?

அந்த வண்டிகளின் துரு லேசில் போகவில்லை. கம்பி பிரஷ் வைத்துத் தேய்த்தார், மண்ணெண்ணெயில் ஊறப் போட்டார், ஒன்றும் நடக்கவில்லை. தெருமுனை மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "சாண்ட் பிளாஸ்டிங் அடிங்க சார். காத்த அழுத்தி மணலைப் பீச்சி அடிச்சா, தோலுரிச்ச மாதிரி ஆயிடும். ஆனா வெளிய குடுத்தீங்கன்னா பாதி பார்ட்ஸ் திரும்பி வராது, சொல்லிட்டேன்" என்றார். அன்று மாலையே இண்டென்ட் வந்துவிட்டது. 'வீட்டிலேயே சாண்ட் பிளாஸ்டிங் செய்ய மெஷின் ஒன்று.'

மூன்று வாரம் அதற்காக அலைந்தேன். ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பிடித்த வேலை என்று ஒன்று கிடைத்தது அப்போதுதான். பலரும் இதில் ஆழம் தெரியாமல் காலை விடுவார்கள். முதலில் பார்க்க வேண்டியது காற்றை அழுத்தித் தருகிற கம்ப்ரஸர். அதன் டேங்க் எவ்வளவு பெரியது என்று பார்த்து ஏமாறுவார்கள். பார்க்க வேண்டியது நிமிடத்துக்கு எவ்வளவு காற்று தருகிறது என்பதை. குடம் பெரிதாக இருந்து குழாயில் தண்ணீர் சொட்டினால் என்ன பிரயோஜனம்? ஒரு தடவை கவிழ்த்துவிட்டு மறுபடி நிறையும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பிறகு, காற்றில் ஈரம் இருந்தால் மணல் களியாகி, அது பீச்சி வருகிற முனையை, நாசிலை, அடைத்துக்கொள்ளும், அதற்கு ஒரு வடிகட்டி வேண்டும். நாசில் தேய்ந்துகொண்டே வரும், மாற்று நாசில் இப்போதே வாங்கி வைக்க வேண்டும். இதெல்லாம் யாரும் சொல்லித் தர மாட்டார்கள்.

மெஷினில் மூன்று தினுசு. ஒன்று, கண்ணாடி வைத்த பெட்டி. பொருளை உள்ளே வைத்து மூடிவிட்டு, பெட்டியிலேயே பொருத்திய கையுறைக்குள் கைவிட்டு அடிக்க வேண்டும், தூசி வெளியே வராது. இரண்டாவது, வாளியிலிருந்து மணலை உறிஞ்சிப் பீச்சுகிற துப்பாக்கி. மூன்றாவது, மணலை நிரப்பி அழுத்தம் ஏற்றுகிற உருளை. வேகம் அதிகம், தூசியும் அதிகம், திறந்த இடத்தில் நின்று அடிக்க வேண்டும். மூன்றையும் விலையோடு ஒப்பிட்டு நான் போட்ட பட்டியல் ஃபைலில் இருக்கிறது, அதில் 'சிபாரிசு' என்ற இடத்தைப் பாருங்கள். பெட்டி என்று என் கையெழுத்திலேயே இருக்கும். என்னை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எடைபோடலாம், ஆனால் அதை மறந்துவிடக் கூடாது.

"பெட்டிக்குள்ள ஃபிரேம் போகுமா? மோதிரம் கழுவவா மெஷின் வாங்குறேன்?" என்றார் அவர். உருளைக்கு டிக் அடித்தார்.

அடுத்த வரி, எதை வைத்து அடிப்பது என்பது. அலுமினியத்துக்குக் கண்ணாடி மணி, இரும்புக்கு கார்னெட் என்று ஒருவகைக் கல் பொடி என எழுதியிருந்தேன். அவர் இரண்டையும் குறுக்கே கோடு போட்டு அடித்தார். "சாண்ட் பிளாஸ்டிங்னு பேர்லயே சாண்ட் இருக்கு. அப்புறம் எதுக்கு இந்தக் கண்ணாடி, கிண்ணாடி எல்லாம்? உனக்கென்ன தெரியும்?" புது இண்டென்ட் எழுதினார். மணல் என்று மட்டும் எழுதியிருந்தது. கீழே கையெழுத்துப் போட்டார்.

எனக்கு என்ன தெரியும் என்று சொல்கிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் இரும்பு வார்ப்படங்களை மணல் அடித்துச் சுத்தம் செய்ய ஒரு பிரிவு இருந்தது. பதினோரு பேர். அவர்களுக்கு வருடக்கணக்காக மணல் வாங்கிக் கொடுத்தது நான். அந்தப் பிரிவின் மேஸ்திரி ஒருநாள் மாடியேறி என் மேஜைக்கு வந்தார். இருபத்திரண்டு படி. வந்து சேர்ந்ததும் மேஜையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "மேடம், கண்ணுக்குத் தெரியுற தூசி ஒண்ணும் பண்ணாது, கீழ விழுந்துடும். தெரியாத தூசி இருக்கு பாருங்க, அதுதான் உள்ள போயி உக்காந்துக்குது. மணலை மாத்தச் சொல்லுங்க மேடம்" என்றார். "இண்டென்ட்ல மணல்னுதானே போட்டிருக்கு மேஸ்திரி" என்றேன். அவர் இறங்கிப் போனார், இறங்கும்போதும் பாதியில் நின்றார்.

அந்த வருடம் இரண்டு பேர் போனார்கள். அடுத்த வருடம் மேஸ்திரியும் இன்னும் இருவரும். எப்படிப் போவார்கள் என்று எனக்கு வரிசையாகத் தெரியும். உதவித்தொகை விண்ணப்பங்களுக்கு அவர்கள் வீட்டுப் பெண்கள் வருவார்கள், சொல்வார்கள். முதலில் வறட்டு இருமல். பிறகு படியேற முடியாது. பிறகு ஒரு தலையணை போதாமல் இரண்டு, மூன்று என்று வைத்து உட்கார்ந்தபடியே தூங்குவார்கள். கடைசியில் விசாரணை வந்தது. என் ஃபைலைக் கேட்டார்கள், கொடுத்தேன். புரட்டிப் பார்த்த அதிகாரி, "இவங்க மேல தப்பே இல்ல. கேட்டதை வாங்கிக் குடுத்திருக்காங்க" என்றார். மணல் நின்று கார்னெட் வந்தது, காற்றுக் குழாய் வைத்த தலைக்கவசம் வந்தது. அவற்றை வாங்கியதும் நான்தான். அந்த அதிகாரி சொன்ன வார்த்தை மட்டும் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. உங்களிடமும் அதையே எதிர்பார்க்கிறேன் என்று நினைக்காதீர்கள்.

ஆக, தெரியும். அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

முதல் சில மாதம் முற்றத்தில் வைத்து அடித்தார். 'மாஸ்க் ஒன்று' என்று எழுதிக் கொடுத்தார். துணி மாஸ்க் வாங்கிக் கொடுத்தேன். எந்த மாஸ்க் என்று எழுதவில்லை. காற்றோட்டமான இடம், பாதித் தூசி காற்றோடு போய்விடும். ஆனால் பக்கத்து வீட்டு டீச்சர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "சார், ஒரு துணி காயப்போட முடியல. மொட்டை மாடி பூரா மண்ணு" என்று சத்தம் போட்டுவிட்டார். இவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்.

மூன்றாம் நாள் பின்னறையிலிருந்து என் நாற்காலியை எடுத்து வெளியே போட்டேன். "நீங்க இதுக்குள்ள வச்சு அடிச்சுக்கோங்க. ஜன்னலை அடைச்சுட்டா தூசி வெளிய போகாது, கீழ விழுற மணலைக் கூட்டி மறுபடி போட்டுக்கலாம்" என்றேன். ஒரு கல்லில் இரண்டு மாங்காய். அவருக்கு நம்பவே முடியவில்லை. "உன் ரூமாச்சே?" என்றார். முதல் தடவையாக அது என் அறை என்று அவர் வாயில் வந்தது. "நீ பெரிய மனசுக்காரிடீ" என்றும் சொன்னார். ஜன்னலுக்கு பிளாஸ்டிக் தாளை நான்தான் ஒட்டினேன். நான்கு ஓரத்திலும் டேப் வைத்து, சுருக்கமில்லாமல். ஒரே மணலைத் திரும்பத் திரும்ப அடித்தால் அது மாவாகிவிடும், மாவுதான் உள்ளே போகும் என்பதும் எங்கள் தொழிற்சாலையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

நான் அந்த அறைக்குள் மறுபடி கால் வைக்கவில்லை. கதவிடுக்கில் ஈரத் துணியைச் சுருட்டி வைப்பேன். அவர் சட்டையை உதற மாட்டேன். முற்றத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, அவர் கையாலேயே அதில் போடச் சொல்வேன். மகள் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வருகிறாள் என்றால் இரண்டு நாள் முன்னாலேயே அறையைப் பூட்டி, வீடு முழுக்க ஈரத் துணியால் துடைப்பேன். "அம்மாவுக்கு வயசாக ஆகச் சுத்தம் ஜாஸ்தியாயிடுச்சு" என்பாள் மகள்.

மெஷின் வந்த பதினான்காவது மாதம் இருமல் வந்தது. எங்கள் தெருவில் இருக்கும் மருத்துவர், "புகைப்பழக்கம் உண்டா? வீட்ல ஏதாவது தூசியா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "வண்டி துடைப்பார்" என்றேன். பொய் இல்லை. மருந்து எழுதிக் கொடுத்தார்.

அதன் பிறகு நடந்ததைச் சொன்னால் என்னைத் தவறாக நினைப்பீர்கள், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு மூச்சு குறையக் குறையப் பேச்சும் குறைந்தது. முதலில் ரயில் கதைகள் நின்றன. நீளமான கதைகள் அவை, ஒரே மூச்சில் சொல்ல முடியாது. பிறகு விருந்தாளிகள் முன்னால் கிண்டல் நின்றது. ஆரம்பிப்பார், சிரிப்பு வருகிற இடத்துக்குப் போவதற்குள் இருமல் வந்துவிடும். பிறகு எனக்குச் சொல்லித் தருவது நின்றது. கடைசியில் 'தண்ணி', 'ஃபேன்', 'தலையணை' என்று ஒற்றை வார்த்தைகள். வீடு அமைதியாகிவிட்டது. கூடத்தில் என் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவேன். சுவர்க் கடிகாரச் சத்தம் கேட்கும். அது இவ்வளவு வருடமாக அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. கொஞ்ச நாள் சும்மா இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

பேச்சு குறைந்தாலும் மெஷினை விடவில்லை. ஒரு நாளைக்கு அரை மணி நேரமாவது அடிப்பார். அந்த வண்டி ஓடுவதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. நானும் தடுக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த மருத்துவர்தான், "கல் உடைக்குற வேலையா பார்த்தார்?" என்று மகளிடம் கேட்டார். அப்போது எல்லாம் முடிந்துபோன நிலைமை. என் கணவர் போன பிறகு மகள் பின்னறையைத் திறந்தாள், ஃபைலைப் புரட்டினாள், என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "அம்மா, நான் குழந்தையோட வரும்போது மட்டும் ஏன் ஈரத் துணியால துடைச்சே?" என்று கேட்டாள். என் மகள்தான், சந்தேகமே இல்லை. ஒரே கேள்வியில் சரியான பக்கத்தைப் புரட்டிவிட்டாள். நான் ஒப்பீட்டுப் பட்டியலைக் காட்டினேன், பெட்டி என்று சிபாரிசு செய்ததைக் காட்டினேன், அவர் கையெழுத்தைக் காட்டினேன். அவள் எதையும் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதோ, நீங்கள் எழுதிய தாளில் கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். அவர் கேட்கவில்லை என்று சொன்னேன், நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அது சரியில்லை. ஒரு தடவை கேட்டார்.

இரண்டாவது வருடத்தின் கடைசி அது. அப்போதே நிறுத்தியிருந்தால் இன்னும் சில வருடம் இருந்திருப்பார் என்று அந்தப் பெரிய ஆஸ்பத்திரி மருத்துவர் கணக்குச் சொன்னார். பிற்பகல் நேரம். முற்றத்துப் படியில் உட்கார்ந்திருந்தார், மாஸ்க் கழுத்தில் தொங்கியது. உள்ளங்கையில் கொஞ்சம் மணலை வைத்துக்கொண்டு விரலால் கிளறிக்கொண்டிருந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "இந்தாம்மா" என்றார். பர்ச்சேஸ் என்று கூப்பிடவில்லை. "இந்த மணலாலதான் இப்படி இருமல் வருதோ? உங்க ஃபேக்டரில நீ பாத்திருப்பியே. எனக்கு ஒண்ணும் புரியல. நீயே சொல்லு."

மடித்த துணியைக் கீழே வைத்தேன். "அங்க முப்பது வருஷமா இதைத்தான் அடிச்சாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல" என்றேன்.

தலையாட்டினார். மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு உள்ளே போனார். முப்பத்து நான்கு வருடத்தில் நான் சொன்ன ஒன்றை, மறுபேச்சுப் பேசாமல் அவர் அப்படியே கேட்டுக்கொண்டது அன்றைக்குத்தான். எனக்கு அது பிடித்திருந்தது. மறுநாள் காலை இன்னும் எட்டு மூட்டை மணலுக்குச் சொன்னேன்.